சைபர் காட்டிய சிலிண்டர்

அத்தியாயம் 11

மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்த காகிதத்தில் இரண்டு விழுந்துவிட்டன. மூன்றாவது இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பேனா மூடி கழற்றித் தயாராக வைக்கப்பட்டிருந்தது, ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் பஞ்சை எடுத்து வைப்பது போல.

"நிதானமா படிச்சுட்டே போடுங்க சார். அவசரமே இல்ல," என்ற ஜி.எம். உடனே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று இருபது. "நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். அதுக்குள்ள முடிஞ்சா எல்லாருக்கும் நல்லது."

பெரியவன் படித்தான். 'ஆய்வகப் பணியாளர் ஒன்பது மாதங்களாகப் பாதரச அளவைப் பொய்யாகப் பதிவு செய்துவந்துள்ளார். விபத்துக்கும் ஓர் உயிரிழப்புக்கும் அதுவே காரணம்.'

ஓர் உயிரிழப்பு. அதாவது தம்பி.

வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் பெரியவன், இளையவன் சின்னவன். தலை நரைத்த பிறகும் கூப்பிடும் அந்தப் பெயர்கள் மாறவில்லை. சின்னவன் இந்த எரிவாயு ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். பெரியவன் துப்பறிவாளன். விபத்தில் இறந்தவரின் குடும்பத்திலிருந்து ஒருவர் விசாரணையில் உட்காரலாம் என்பது ஆலையின் விதி. மாமனோ மச்சானோ அழுது வீங்கிய முகத்தோடு வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்று ஜி.எம். நினைத்திருக்க வேண்டும். வந்தவன் அழவில்லை. மூன்று நாளாக ஆலையைச் சுற்றிச் சுற்றி வந்தான். போதாததற்கு ஓர் உதவியாளரையும் கூட்டி வந்திருந்தான்.

அழாததில் அவனுக்குப் பெருமை ஒன்றுமில்லை. வரவில்லை, அவ்வளவுதான். தம்பியின் தகனமெல்லாம் முடிந்து வீடு திரும்பிய அன்று மாலை, இஸ்திரிக்குப் போட்டிருந்த சட்டைகளை வழியில் வாங்கிக்கொண்டு போனான். ஐந்தும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிக்கூடப் பார்த்தான். அவனுக்குள்ளே யாரோ மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

விபத்து இதுதான். பூமிக்கடியிலிருந்து வரும் எரிவாயுவோடு கொஞ்சம் பாதரசமும் ஓசியில் ஏறி வரும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதை வழியிலேயே பிடித்துப்போட ஒரு டவர் உண்டு. டவர் நிறைய மிளகு அளவில் கந்தகம் ஏற்றிய கறுப்பு மணிகள். பாதரசம் வந்து மணிகளில் ஒட்டிக்கொள்ளும். டவரைத் தாண்டினால் வாயுவைக் கடுங்குளிரில் இறக்கும் அலுமினியப் பெட்டி. பாதரசத்துக்கும் அலுமினியத்துக்கும் ஜென்மப் பகை. மணிகள் நிரம்பி வழிந்து ஒரு துளி தப்பினாலும், பெட்டியின் பற்றவைப்பில் போய் உட்கார்ந்து கறையான் மாதிரி அரிக்கும்.

பதினோரு நாளைக்கு முன்னால் பெட்டி பிளந்தது. வெண்புகையாகப் பொங்கிய வாயுவுக்குள் சின்னவன் ஓடினான். வால்வை மூடினான். பதினான்கு பேர் பிழைத்தார்கள். அவன் வெளியே வரவில்லை.

டவரைத் தாண்டி வரும் வாயுவை வாராவாரம் ஒரு குட்டி எஃகு சிலிண்டரில் பிடித்துவந்து அளப்பது லேப்காரன் வேலை. ஒன்பது மாதமாக அவன் எழுதியதெல்லாம் சைபர். பிளந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு டம்ளர் நிறைய வெள்ளி உருண்டைகள். சைபரைக் கூட்டினால் ஒரு டம்ளர் வராது. ஆகவே லேப்காரன் பொய்யன்.

பெரியவனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வெறுக்க ஓர் ஆள் கிடைத்தால், வெறுப்பாவது வரும்.

பேனாவை எடுத்தான்.

"பாஸ்! என்ன, ஆட்டோகிராஃபா?"

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள் ரேடியோ. இருபத்தெட்டு வயது. அவளை ஆன் பண்ணவும் ஸ்விட்ச் கிடையாது, ஆஃப் பண்ணவும் கிடையாது. அதனால் வந்த பெயர். இரண்டு கையிலும் டீ டம்ளர், கக்கத்தில் செல்போன்.

"முதல்ல டீ. சார், உங்களுக்கு வாங்கலை, தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு ரெண்டு கைதான்."

பெரியவன் ஒரு மிடறு குடித்தான். சூடு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை.

"நல்லா இருக்கா பாஸ்?"

"ம்."

"சர்க்கரை போதுமா?"

"ம்."

ரேடியோ அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்து நீட்டினாள். "லேபுக்குப் பின்னாடி எடுத்தது. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இந்த அழகியைப் பாத்துடுங்க."

படத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் கேன் ஒன்று நின்றது. கழுத்தில் சிவப்பு அட்டை.

பெரியவன் பேனாவை மூடினான். ஜி.எம். முகமும் கூடவே மூடிக்கொண்டது.

"கேன்ல என்ன சார் இருக்கு? ஆசிட் கழிவு. வாராவாரம் ஒரு கம்பெனி வந்து எடுத்துட்டுப் போகும். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியல. பாத்துட்டு வர்றேன்."

"ஆள் பொய் எழுதியிருக்கான். இதுல இன்னும் என்ன பாக்கணும்?"

பெரியவன் எழுந்து நின்றான். மூன்று நாளாகக் காலில் முள்ளாகக் குத்திய விஷயம் ஒன்று இருந்தது. கையெழுத்துப் போடுகிற ஆசையில் அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறான்.

"பொய் எழுதறவன் பயந்தவன் சார். பயந்தவன் சைபர் எழுத மாட்டான். ஒரு வாரம் புள்ளி ரெண்டு, ஒரு வாரம் புள்ளி மூணுன்னு கொஞ்சம் பிசிறு விட்டு எழுதுவான். அப்பத்தான் நெசம் மாதிரி இருக்கும். முப்பத்தொன்பது வாரம் வரிசையா சைபர் எழுதணும்னா, ஒண்ணு அவன் முட்டாளா இருக்கணும். இல்ல, மீட்டர்ல அவனுக்கு சைபர்தான் தெரிஞ்சிருக்கணும்."

"நாலு மணி," என்றார் ஜி.எம்.

"ஞாபகம் இருக்கு."

லேபுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட முற்றம். பத்துப் பன்னிரண்டு கேன்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி உயர வரிசையில் நின்றன. உயரமான கேன்களுக்கு வெள்ளை அட்டை. கடைசியில் நின்ற மூன்றுக்கு மட்டும் சிவப்பு.

"எல்லாம் காலி கேன் பாஸ். கழிவை எடுத்துட்டுப் போய்க் கொட்டிட்டு, திருப்பி அனுப்பும்போது அந்தக் கம்பெனி மாட்டி விடுற அட்டை. வெள்ளைன்னா சாது. சிவப்புன்னா..." அட்டையைத் திருப்பிக் காட்டினாள். 'பாதரசம் கண்டது.' "லேபுக்குள்ள ஒன்பது மாசமா பாதரசமே வரலைன்னு ஒருத்தர் எழுதி வச்சிருக்கார். ஆனா பின்வாசல் வழியா வாராவாரம் பாதரசம் வெளியே போகுது. உள்ள வராத ஆள் எப்படி பாஸ் வெளியே போவான்?"

பெரியவன் குந்தி உட்கார்ந்தான். சிவப்பு அட்டைக்குக் கீழே லேப்காரன் ஒட்டிய சீட்டு ஒன்று இருந்தது. அச்சடித்தது போன்ற கையெழுத்து: 'சிலிண்டர் கழுவிய ஆசிட். வேறு எதுவும் கலக்கவில்லை.'

"போன் போடு."

ரேடியோ அட்டையிலிருந்த எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் எடுத்த பெண்மணிக்கும் ஆஃப் ஸ்விட்ச் இல்லை என்பது முதல் மூச்சிலேயே தெரிந்துபோனது.

"அந்த கேஸ் ஆலையா? அப்பாடா! இப்பவாவது கேக்கணும்னு தோணுச்சே. லெட்டர் போட்டுப் போட்டு என் விரலே தேஞ்சுபோச்சு!"

"என்ன லெட்டர்க்கா?"

"உங்க ஆசிட்ல பாதரசம் வருது, எங்கேருந்துன்னு பாருங்கன்னு. ஒன்பது மாசமா மாசத்துக்கு ஒண்ணு. அதுக்கு முன்னாடி உங்ககிட்டருந்து இந்த ஆசிட்டே வந்ததில்ல. வந்த முதல் கேன்லயே இருந்துச்சு."

"யாருக்கு அனுப்பினீங்க?"

"ஸ்டோர்ஸுக்கு. கேன் அவங்களோடதுதானே? ஒரே ஒரு பதில் வந்துச்சு. 'கேன்கள் நல்ல நிலையில் உள்ளன, நன்றி'ன்னு."

"நன்றிக்கா," என்று மட்டும் சொல்லி ரேடியோ போனை வைத்தாள். "பாஸ், இந்த ஆலையில புத்திசாலிங்க எல்லாம் வெளியூர் போயிட்டாங்களா?"

பெரியவன் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்பது மட்டும் தெரிந்தது.

"ஒன்பது மாசம்," என்றான். "சைபரும் ஒன்பது மாசம். இந்த ஆசிட்டும் ஒன்பது மாசம். ரெண்டும் ஒரே நாள்ல பொறந்திருக்கு."

லேப் வாசலில் ஒரு காவலாளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே லேப்காரன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேசையில் துடைக்க எதுவும் இல்லை. ஆலையில் அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'சுத்தம்' என்றால் போதும். நாற்பது வயது இருக்கும். கழுவிக் கழுவி வெடித்த விரல்கள். மூக்குக் கண்ணாடியில் ஒரு கைரேகை கிடையாது.

பெரியவனைப் பார்த்ததும் சுத்தம் எழுந்தான். துணியை நான்காக மடித்தான்.

"சார், நான் ஒரு நம்பரைக்கூட மாத்தலை. மீட்டர் என்ன காட்டுச்சோ அதைத்தான் எழுதினேன்."

"உக்காருங்க."

"பரவாயில்ல சார்."

"நீங்க உக்காராட்டி இவரும் உக்கார மாட்டார். இவர் உக்காராட்டி நானும் நிக்கணும். எனக்குக் கால் வலிக்குது," என்றாள் ரேடியோ.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"வாயுவை எப்படிப் பிடிப்பீங்க? மொதல்லேருந்து சொல்லுங்க."

சுத்தம் சொன்னான். சொல்லும்போது குரல் நிமிர்ந்தது. தெரிந்த வேலையைச் சொல்லும்போது எல்லோருக்கும் நிமிரும். சிலிண்டரை ஆசிட்டில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும். மூன்று தடவை தண்ணீர், ஒரு தடவை ஆல்கஹால், பிறகு காயவைக்கும் அடுப்பில் ஒரு மணி நேரம். உள்ளே டார்ச் அடித்தால் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். அதற்குப் பிறகுதான் வாயுவைப் பிடிப்பது. மீட்டரில் அளந்துவிட்டு, மிச்சத்தோடு வால்வைப் பூட்டி அலமாரியில் வைப்பது. ஒரு மாதம் கழித்து மறுபடி ஆசிட்.

"ஆரம்பத்துலேருந்தே இப்படித்தானா?"

"இல்ல சார். முன்னாடி கழுவறதே கிடையாது. ஒரே சிலிண்டர். பழசு, உள்ளே கறுத்துப்போனது. வாராவாரம் அதுலதான்."

"அப்ப என்ன நம்பர் வரும்?"

"புள்ளி ரெண்டு, புள்ளி நாலு. அப்படி இப்படி."

"பிசிறோட."

"ஆமா சார்."

பெரியவன் அலமாரியைப் பார்த்தான். உள்ளங்கை நீளத்தில் நான்கு எஃகு சிலிண்டர்கள் சீட்டு ஒட்டி நின்றன. கடைசிச் சீட்டில் விபத்துக்கு இரண்டு நாள் முந்தைய தேதி. அதற்குக் கீழே: 'அளவு: 0.'

"இதைத் திறந்து மீட்டர்ல விடுங்க."

சுத்தம் அதை விசிறி வைத்த கண்ணாடிப் புகைக் கூண்டுக்குள் வைத்து, குழாயை மாட்டி, வால்வைத் திறந்தான். சீறல் சத்தம் வந்து அடங்கியது. மீட்டரில் எண் அசையவில்லை. சைபர்.

"பாத்தீங்களா சார்? இப்பவும் சைபர்தான்." அவன் குரலில் கெஞ்சல் இருந்தது.

"இப்ப சிலிண்டர் காலி இல்லையா?"

"காலி சார்."

"ஆனா இதே மாதிரி காலியான சிலிண்டரை நீங்க கழுவற ஆசிட்டுல பாதரசம் இருக்கு. மூணு கேன் சாட்சி. வாயுல இல்லாதது, காலி சிலிண்டர்ல எங்கே இருந்துச்சு?"

சுத்தம் சிலிண்டரைப் பார்த்தான். ரேடியோ மீட்டரைப் பார்த்தாள்.

"சூடு பண்ணுங்க," என்றான் பெரியவன்.

நைட்ரஜனை விட்டு உள்ளே மிச்சமிருந்ததைத் துரத்திவிட்டு, சூடேற்றும் நாடாவைச் சிலிண்டர் மேல் சுற்றினான் சுத்தம். குளிருக்கு மப்ளர் கட்டின குழந்தை மாதிரி இருந்தது. ஸ்விட்ச் போட்டார்கள்.

ஒரு நிமிடம். சைபர்.

மூன்று நிமிடம். சைபர்.

"பாஸ், இதுல முட்டையாவது வேகவச்சிருக்கலாம்," என்றாள் ரேடியோ. "சும்மா வீணா..."

மீட்டர் அசைந்தது.

மூன்று. பதினொன்று. இருபத்தேழு. எண்கள் படி ஏறுவது போல ஏறின. அறுபதில் ஒரு மூச்சு வாங்கி, மறுபடி ஏறின. எச்சரிக்கை மணி கீச்சென்று கத்தியது. சுத்தம் ஸ்விட்சை அணைத்தான்.

"சுவரு," என்றான். யாரிடமும் சொல்லவில்லை. "எஃகுச் சுவரு குடிச்சிருக்கு சார். பழைய சிலிண்டர்ல அது ஏற்கெனவே குடிச்சு நிறைஞ்சுபோயிருக்கும். வாயுல இருக்கறதைத் தொடாது. உள்ளது உள்ளபடி காட்டும். நான் தேய்ச்சுத் தேய்ச்சு அதுக்குத் தாகத்தை உண்டாக்கி விட்டிருக்கேன். வாயுல இருந்த அத்தனையும் சுவரு குடிச்சிடுச்சு. மீட்டருக்கு வெறும் வாயுதான் வந்திருக்கு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை. "நான் கழுவினதாலயா சார்?"

இதுதான் அந்த ஆள். பதினோரு நாளாகத் தேடிய ஆள். எதிரே முட்டி தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தான். பெரியவன் தனக்குள் கையை விட்டுத் துழாவினான். வெறுப்பு இல்லை. இரக்கமும் இல்லை. காயவைக்கும் அடுப்பின் மேல் ஒரு எறும்பு ஓடுவதை மட்டும் கவனித்தான்.

"கழுவச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை சார். நானாத்தான்."

பதில் கேள்வியின் வாலிலேயே வந்து இடித்தது. இதுவரை எந்தக் கேள்விக்கும் சுத்தம் இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை. மடித்து வைத்த துணியை எடுத்து மேசையில் ஒரே இடத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

"ஒரு வாரத்துல ஆறு மணி நேரம் கூடுதல் வேலை. கை வெந்துபோற ஆசிட். புதுசா நாலு சிலிண்டர், அதுக்கு ஸ்டோர்ஸ்ல மல்லுக்கட்டணும். நீங்களா இழுத்துப் போட்டுக்கிட்டீங்களா?"

"எனக்குச் சுத்தம் பிடிக்கும் சார். எல்லாருக்கும் தெரியும்."

"இன்ஸ்பெக்டர் கேட்டாலும் இதையே சொல்வீங்களா? விதிப் புத்தகத்துல இல்லாத வேலையை நானா செஞ்சேன், ஆள் செத்துட்டார்னு? அதுக்கும் உள்ளே போகணும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

"குழந்தைங்க?"

"ரெண்டு."

"பிறகு ஏன்?"

சுத்தம் துடைத்துக்கொண்டே இருந்தான். "நானும் அந்தப் பதினாலு பேர்ல ஒருத்தன் சார்," என்றான்.

முப்பத்தொன்பது வாரம் பொய்யே எழுதாத மனுஷன் இன்றைக்குத்தான் முதல் பொய் சொல்லியிருக்கிறான். அனுபவம் போதாது. கண் இரண்டு தடவை சுவரோரம் இருந்த பச்சை பீரோவுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"ரேடியோ. பச்சை பீரோ."

"திறந்தாச்சு பாஸ்."

"போன வருஷத்து லேப் ரிஜிஸ்டர்."

"சார், வேண்டாம்," என்றான் சுத்தம். "அது பழசு சார். அதுல ஒண்ணுமில்ல."

ரேடியோ ரிஜிஸ்டரை மடியில் வைத்துப் புரட்டினாள். "புள்ளி ரெண்டு. புள்ளி நாலு. புள்ளி மூணு. என்ன ஒரு விறுவிறுப்பான புஸ்தகம்! புள்ளி மூணு... அட." விரல் நின்றது. "நாப்பத்திரண்டு! பாஸ், கடைசித் தடவை பழைய சிலிண்டர்ல எடுத்தது. நாப்பத்திரண்டு காட்டியிருக்கு. அன்னிக்கே உண்மை வந்து வாசக்கதவைத் தட்டியிருக்கு! கீழ யாரோ குறிப்பு வேற எழுதியிருக்கான்." உரக்கப் படித்தாள். "'சிலிண்டர் அழுக்கு. இந்த அளவு செல்லாது. கறுப்பு மணி புதுசு, நாலு வருஷம் தாங்கும். இனி ஒவ்வொரு தடவையும் நன்றாகக் கழுவிய பிறகே எடுக்கவும்.' கையெழுத்து கிடையாது. அவசரத்துல மையெல்லாம் இழுவியிருக்கு. யாரு பாஸ் இந்த மேதாவி? கதவைத் தட்டின உண்மையைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டு..."

அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

மை அவசரத்தில் இழுவவில்லை. இடது கைக்காரன் எழுதினால், எழுதிய ஈர மையின் மேலேயே கை போகும். ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பையனின் எல்லா நோட்டுகளும் இப்படித்தான். மணிக்கட்டு ஓரம் எப்போதும் நீலமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, 'கையைக் கழுவிட்டு வந்து சாப்பாட்டுக்கு உக்காருடா' என்று தினமும் விரட்டியது பெரியவன்தான்.

புகைக் கூண்டின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அவர் நல்லதுக்குத்தான் சார் சொன்னார்," என்றான் சுத்தம். "அந்தச் சிலிண்டரைப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். எனக்கே தோணுச்சு."

மணி மூன்று இருபத்தைந்து. பெரியவன் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். எதிரே வரவேற்பு அறையின் கண்ணாடிக்குள் சின்னவன் படம் மாட்டியிருந்தது. 'பதினான்கு உயிர் காத்தவர்.' ஆணிக்குக் கீழே, சுவரைத் துளைத்த தூள் இன்னும் கிடந்தது.

ரேடியோ பக்கத்தில் வந்து நின்றாள். அவள் குரலா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெதுவாகச் சொன்னாள். "பைண்டிங் லூசா இருக்கு பாஸ். ஒரு பக்கம்தான். நான் எதையும் படிக்கலை."

"கிழிச்சா, கழுவினது சுத்தத்தோட யோசனைன்னு ஆயிடும்."

"அவரேதான் அப்படிச் சொல்றாரே."

"ஆமா. சொல்றான்."

செல்போனை எடுத்து சின்னவன் வீட்டுக்கு அழைத்தான். தம்பி மனைவி எடுத்தாள்.

"சொல்லுங்க மாமா. சாப்பிட்டீங்களா?"

"ம். அவன் கையெழுத்துல ஒரு பக்கம் கெடைச்சிருக்கும்மா."

பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் நின்றது. "என்ன எழுதியிருக்கார்?"

படித்துக் காட்டினான். அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் சொன்னான். எதையும் மெழுகவில்லை. இழுத்து இழுத்துச் சொல்லவும் இல்லை. செய்தி வாசிப்பவன் மாதிரி சொல்லி முடித்தான்.

"வீட்லயும் அப்படித்தான் மாமா," என்றாள். "நான் கழுவி வச்ச டம்ளரை எடுத்து மறுபடி கழுவிட்டுத்தான் தண்ணி குடிப்பார். அதுக்காகவே எத்தனை சண்டை."

"இப்ப என்ன பண்ணட்டும்?"

"கேக்காதீங்க."

"நீ சொல்ற மாதிரி..."

"என்னைக் கேக்காதீங்க மாமா. கேட்டா நான் கிழிக்கத்தான் சொல்வேன்."

வைத்துவிட்டாள்.

நான்கு மணிக்கு ஜி.எம். அறையில் இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காகிதம் அதே இடத்தில் இருந்தது. பேனா மறுபடி மூடி கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

பெரியவன் பேனாவை நகர்த்திவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்து வைத்தான். சிவப்பு அட்டையை அதன் மேல் வைத்தான். சுவர் குடித்த கதையைச் சொன்னான். சூடேற்றியபோது மீட்டர் காட்டிய எண்களைச் சொன்னான். ஸ்டோர்ஸில் ஒன்பது கடிதம் தூங்குவதைச் சொன்னான்.

"அந்த ஆள் ஒரு பொய்யும் எழுதலை. அவனுக்குச் சொன்னதை ஒழுங்கா செஞ்சான். ரொம்ப ஒழுங்கா."

"சொன்னது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஷிப்ட் சூப்பர்வைசர். அந்தப் பக்கத்துல இருக்கு."

ஜி.எம். பக்கத்தை இழுத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டு, குரலை இறக்கினார். "சார், இதுல கையெழுத்தே இல்ல. யாரோ எழுதினதா இருக்கலாம். வாசல்ல உங்க தம்பி படம் மாட்டியிருக்கோம். எதுக்கு சார் தேவையில்லாம?"

"அவன் எழுத்துதான். அவனுக்கு எழுதக் கத்துக்குடுத்தவன் நான்." அடுத்த பக்கத்தைத் திருப்பினான். "நீங்க சொல்றதும் நெசம்தான், அவன் கையெழுத்துப் போடலை. உங்களோடது இருக்கு. நாப்பத்திரண்டுக்கு அடுத்த வாரமே சைபர். மாசக் கடைசியில 'பார்த்தேன்'னு போட்டிருக்கீங்க. அப்புறம் எட்டு மாசம், எட்டு கையெழுத்து. நாப்பத்திரண்டு எப்படி சார் ஒரே வாரத்துல சைபராச்சுன்னு ஒரு தடவை கேட்டிருந்தா போதும்."

ஜி.எம். பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மாட்டினார். அது சரியாகப் பொருந்தும் வரை திருகிக்கொண்டே இருந்தார்.

"படத்தை எடுக்க வேண்டாம்," என்றான் பெரியவன். "அதுல எழுதியிருக்கறதும் பொய் இல்ல."

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஜி.எம்.மை மட்டும் நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். ஸ்டோர்ஸ் கடிதங்களோடு.

லேப் வாசலில் காவலாளியும் இல்லை, ஸ்டூலும் இல்லை. சுத்தத்தின் கண்கள் சிவந்திருந்தன. ரேடியோ வாங்கி வந்த டீக்கு மூன்று டம்ளர் எடுத்துவைத்தவன், மூன்றாவதைக் காலியாகக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிக்கும் மேசைக்கும் நடுவில் நின்றான். விளிம்பில் கறை இருந்தது போலும். குழாயைத் திறக்கப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

"கழுவலாங்க," என்றாள் ரேடியோ. "அது வெறும் டம்ளர்."

சுத்தம் சிரிக்க வாயைத் திறந்து, வேறு ஏதோ சத்தம் வந்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரேடியோ ஒரு டம்ளரில் டீயை ஊற்றிப் பெரியவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். வெளியே டவர் நின்றது. அதற்கு அப்பால் பிளந்த பெட்டியைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். ஒரு மிடறு குடித்தான். நின்றான். டம்ளரைப் பார்த்தான். இன்னொரு மிடறு குடித்தான்.

"என்ன ரேடியோ இது. சர்க்கரையே இல்ல."

"ஆமா பாஸ்," என்றாள் ரேடியோ. "பதினோரு நாளா இல்ல."

பெரியவன் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைக்கப் பார்த்தான். முடியவில்லை. டீ அவன் புறங்கையில் தளும்பிக்கொண்டே இருந்தது. சுட்டது.